மூர்கேட் நகவெட்டி

லண்டனின் மூர்கேட் என்ற நகர மதில் வாசலில் பார்னபி டாப்செல்லுக்கு வேலை ஒன்றுதான். ராணியம்மா விதித்த அளவுக்கு மேல் நீளமாக வாள் கட்டிக்கொண்டு போகிற வருகிற கனவான்களை நிறுத்தி, கோலை வைத்து அளந்து, மிஞ்சிய நுனியை இடுக்கியில் கொடுத்து ஒடித்துவிட வேண்டும். ஊரெல்லாம் அவருக்கு நகவெட்டி என்று பேர். மற்றபடி வாளை ஒருநாளும் வீசியவர் இல்லை. பூனை சீறினாலே மனைவியைக் கூப்பிடுகிற வீரர்.

ஆனால் பதினோரு வருடம் ஏந்தி ஏந்தி, வாளின் கனம் அவர் விரலுக்கு அத்துப்படி. கனவான்கள் கட்டுகிற ரேப்பியர் வாள் பார்க்கத்தான் ஒல்லி. தூக்கினால் இரண்டரை ராத்தல் இருக்கும். அந்தக் கனம் கைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது பிடியின் அடியில் இருக்கும் இரும்புக் குமிழ். பிடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி விரல்மேல் வைத்தால் வாள் ஆடாமல் நிற்கும். நுனியில் ஒரு விரற்கடை போனால் சொந்தக்காரனுக்கே தெரியாது. ஒரு சாண் போனால் தீர்ந்தது; கனமெல்லாம் கைப்பக்கம் வந்துவிடும், நுனி சொன்ன பேச்சு கேட்காது. பார்னபி விதிக்கு மேல் ஒரு மயிரிழைகூட ஒடித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் காலையில் அக்கா மகன் ஆம்ப்ரோஸ் வந்து நின்றான். வாசலுக்கு வெளியே வயல்வெளியில் ஜெர்வஸ் லாக்யர் என்பவனோடு வாள்சண்டையாம். ஆம்ப்ரோஸின் கெண்டைக்கால் அழகு அசலல்ல, காலுறைக்குள் பஞ்சு என்று ஜெர்வஸ் ஒரு விருந்தில் சொல்லிவிட்டானாம். உயிரைக் கொடுக்கத் தகுந்த விஷயம்தான். பஞ்சை வைத்துத் தைத்ததே அக்காதான் என்பது பார்னபிக்குத் தெரியும். அக்காவுக்கு இவன் ஒரே பிள்ளை என்பதும் தெரியும்.

"மாமா, இன்னைக்கு மட்டும் பாக்காத மாதிரி இருங்க."

"குடுடா, பாக்குறேன்."

அளவுக்கு மேல் இரண்டு விரற்கடைதான் இருந்தது. பார்னபி ஒரு சாண் ஒடித்தார். சண்டை நின்றுவிடும் என்று நினைத்தார். ஆம்ப்ரோஸோ இந்தக் கட்டையோடேயே போகிறேன் என்று முறைத்தான். முழு வாளுக்கு எதிரே இந்தக் கட்டையோடு போனால் பையன் திரும்பமாட்டான் என்பது அப்போதுதான் பார்னபிக்கு உறைத்தது.

நல்லவேளையாக ஜெர்வஸும் அதே வாசலுக்கு வந்தான். கெட்ட வேளையாக, அவன் வாள் அளவு சரியாக இருந்தது. பார்னபி இரண்டு முறை அளந்தார். மூன்றாம் முறை கோலைப் பிடிக்கு மேலே வைக்காமல், கீழே குமிழிலிருந்து வைத்தார். பதினோரு வருடத்தில் அந்தக் கோல் சொன்ன முதல் பொய் அது.

"ஒரு சாண் கூட இருக்குங்க ஐயா" என்று சொல்லி ஒடித்தும்விட்டார்.

வயல்வெளி வரைக்கும் போகப் பொறுமையில்லாமல் இருவரும் வாசலிலேயே வாளை நீட்டினார்கள். இரண்டு நுனியும் வானத்தைப் பார்த்தன. ஜெர்வஸ் மார்புக்குக் குறிவைத்துக் குத்தியதில் ஆம்ப்ரோஸின் தொப்பி பறந்தது. முட்டைக்கோஸ் விற்கிறவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். ஜெர்வஸ் பார்னபி பக்கம் திரும்பினான்.

"இந்த ஆளு எப்பவும் இப்படித்தானா?"

"எங்கம்மாவோட தம்பி. பொறந்ததுலேருந்தே இப்படித்தானாம்" என்றான் ஆம்ப்ரோஸ்.

அன்று மத்தியானமே ஒரே மேசையில் பீர் குடித்தபடி இருவரும் புகார் எழுதினார்கள். பார்னபியின் வேலை போயிற்று. குமாஸ்தா புகாரை வாசிக்க, மூடன், கழுதை, அளக்கத் தெரியாதவன் எல்லாவற்றுக்கும் பார்னபி தலையாட்டினார்.

"கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறது ரெண்டு பேருமாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு பேரும்தான்யா."

"அந்தப் பேருங்கள மட்டும் இன்னொரு தடவ படிங்க."

குமாஸ்தா படித்தார்.