நீங்கள் இல்லாவிட்டாலும்

அக்கா தையல்காரி. கடையின் பின்னறையில் பத்து வருடமாக, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அதையே ஒழுங்கான கற்றல் மையமாக்கப் பணம் தருகிறோம், திட்டம் எழுதிக் கொடுங்கள் என்றது ஓர் அறக்கட்டளை. அவள் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன்.

‘நீங்கள் இல்லாவிட்டாலும் மையம் நடக்குமா?’ என்று அவர்கள் தந்த படிவத்தில் ஒரு கேள்வி. அக்கா தயங்கினாள்.

“நடக்கும்னு போட்டுடலாம்க்கா, இல்லாட்டி தரமாட்டாங்க” என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

பணம் வந்தது, கட்டடம் வந்தது. கூடவே டை கட்டிய மேலாளர் ஒருவரும் வந்து சேர்ந்தார். ஆறே மாதத்தில் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்மா. நீங்க இல்லாட்டியும் நடக்கும்னு நீங்களேதானே எழுதியிருக்கீங்க?”

மறுநாள், அக்கா அங்கே மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போனோம். வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவளே அக்காதான்.

“கோச்சுக்காதீங்கக்கா, யார் வந்தாலும் எழுதணுமாம்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில், கண்ணாடி இல்லாமலே, கொட்டை எழுத்தில் அக்கா எழுதினாள்: ‘நடக்கிறதா என்று பார்க்க.’