ரஹீம் பாய் பாதியில் விட்ட உருப்படி

அன்று காலை ரஹீம் பாயைத் திட்டிக்கொண்டேதான் ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தேன். முந்தின நாள், "மீதிய நாளைக்கு வாசிச்சிக்கலாம்" என்று கிடாரை உறையில் போட்டுக்கொண்டு போன மனிதர், சொன்ன நேரம் தாண்டியும் வரவில்லை. போன் அடித்தது. அவருடைய தங்கை நூர்ஜஹான். "அண்ணன் மவுத்தாய்ட்டாருங்க. தூக்கத்துலயே போய்ட்டாரு." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். நம் மேளத்தையும் ஜாஸையும் கலந்து அவர் செய்துவந்த ஆல்பத்தில் கடைசி உருப்படி பாதியில் நிற்கிறது. அதற்குள் இப்படியா கிளம்புவது?

கள்ளக்குறிச்சியில் அவருடைய பாத்திரக் கடையை அறிந்தவர்களைவிட, கல்யாணக் கச்சேரிகளில் அவர் கிடாரைக் கேட்டவர்கள் அதிகம். அந்த மேடைப் பழக்கம் கூடத்திலும் அவரை விடவில்லை. கடைசித் தந்தியின் அதிர்வு அடங்குவதற்குள் "அடுத்த பாட்டு!" என்று மைக்கில் கத்திவிடுவார். பதிவு பாழ். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"கேப் வுட்டா ஜனம் பந்திக்கு எழுந்து போய்டும்பா."

"இங்க ஜனமே இல்ல, பாய்!"

"நீ ஒருத்தன் இருக்கியே!"

ஒருநாள் அறைக்குள் மூச்சு முட்டுகிறதென்று என்னைப் பைக்கில் ஏற்றிக் கல்வராயன் மலைக்கு இழுத்துப் போனார். வெள்ளிமலை தாண்டி ஓர் ஓடைக்கரையில் பேட்டரி ஸ்பீக்கரை வைத்து வெறிபிடித்தவர்போல் வாசித்தார். கடுக்காய் பொறுக்க வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏன் சாமி, யாரு மேல இவ்ளோ கோவம்?" என்றார். பாய் குதித்தேவிட்டார். "பாத்தியா, ஒருத்தராவது சரியா கேட்டுட்டாங்க!" நான் கையோடு பதிவு செய்துகொண்டிருந்ததால் அந்த அம்மாவின் குரலும் ஆல்பத்தில் இருக்கிறது.

அடக்கம் முடிந்த சில நாளில் நூர்ஜஹான் கூடத்துக்கு வந்தார். சென்னைக் கிடார் கலைஞர் ஒருவர் மீதியை வாசித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். "முடிச்சிடுங்க. எதையும் அரைகுறையா வுடுற ஆளுன்னு ஊரே பேசிக்கினு இருக்குது. இதுலயாவது அவரு பேரு நிக்கட்டும்," என்றார் நூர்ஜஹான். நான் பதிவை ஓடவிட்டேன். கிடார் ஏறி, இன்னும் ஏறி, சட்டென்று நின்றது. நூர்ஜஹான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு சொன்னார்: "வேணாங்க. இதுவரைக்கும்தான் எங்க அண்ணன். அதுக்கப்புறம் யாரோ. இப்படியே வுட்டுடுங்க."

விட்டுவிட்டேன். பாயை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அந்த ஆல்பம் வந்து சேரும். நானோ தினமும் அந்த இடம்வரை கேட்கிறேன். கிடார் நின்றதும் அடுத்த சுரத்துக்காக உடம்பு தானாக முன்னால் சாய்கிறது. வராது என்று தெரிந்தும் சாய்கிறது. பாய் எனக்கென்று வைத்துவிட்டுப் போனது இந்தத் தவிப்பைத்தான்.