மச்சானோட மெத்தை வண்டி

இன்னிக்கு மலை மேல புதூர்நாட்டுல ஒரு காதுகுத்து.

மச்சான் புதுசா வாங்கின பெரிய எஸ்யூவில அத்தையும் என் வூட்டம்மாவும் ஏறிக்கினாங்க. பின்னாடி என்னோட பழைய எஸ்யூவில நான் மட்டும் தனியா.

கிளம்பும்போதே மச்சான் ஆரம்பிச்சிட்டாரு. "மாமா, உங்க வண்டிக் கதவ மூணு தடவ அடிச்சு சாத்தணும். என்னுது விரல் வெச்சாலே மூடிக்கும். உள்ள சத்தமே வராது. மெத்தை மாதிரி போவும்."

நிஜமாவே மெத்தை மாதிரிதான் போச்சு. மலை ஏற ஏற, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் தூளி மாதிரி ஆடிக்கினே போச்சு.

நாலாவது வளைவுல வண்டி நின்னுச்சு. அத்தை எறங்கி ஓரமா வாந்தி எடுத்தாங்க. அடுத்த வளைவுல என் வூட்டம்மா.

விருந்து முடிஞ்சதும் ரெண்டு பேரும் நேரா என் வண்டில ஏறி உக்காந்துட்டாங்க.

"யம்மா, அந்த டப்பால போனா உடம்பெல்லாம் வலிக்கும்மா"ன்னு மச்சான் கெஞ்சினாரு.

அத்தை கதவ மூணு தடவ அடிச்சு சாத்திட்டு சொன்னாங்க: "வலிக்கட்டும்டா. இதுல வாந்தி எடுக்க எங்க நேரம் கீது? கம்பிய புடிச்சிக்கினு உக்காரவே சரியா கீது."

சொந்தக்காரங்க குடுத்த பலாப்பழத்த மச்சான் தன்னோட முன் சீட்டுல வெச்சாரு. உடனே வண்டி கீங் கீங்னு கத்த ஆரம்பிச்சுது. கடைசில பழத்துக்கு சீட் பெல்ட் போட்டுதான் வண்டியோட வாய மூடினாரு.

அடிவாரம் வரைக்கும் புது வண்டியோட சொகுச முழுசா அனுபவிச்சது அந்தப் பலாப்பழம் ஒண்ணுதான்.

ஏசி வேற.