நின்றால் தொங்கும் இறக்கைகள்

அருள்மேரியின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. சர்ச்சில் முழங்கால் போட்டு ஜெபிக்கும்போதுகூடக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முந்தானை நூலை முறுக்கிக்கொண்டிருக்கும். சானடோரியம் ஸ்டேஷனை ஒட்டின ஏற்றுமதி வளாகத்தை ஊர் வாய் மெப்ஸ் என்றுதான் சொல்லும். அங்கே காயில் சுற்றும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. தலைமுடி கனம்கூட இல்லாத செம்புக் கம்பியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து நாள் பூராவும் சுற்ற வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறி மாடம்பாக்கம் திரும்பும்போதும் விரல்கள் காற்றில் சுற்றிக்கொண்டே வரும். பக்கத்து சீட்டுக்காரிகள் ஜெபமாலை உருட்டுகிறாள் என்று நினைத்துப் பயபக்தியோடு தள்ளி உட்காருவார்கள்.

மனசும் கை மாதிரிதான். புருஷன் யேசுதாசன் விமானப்படையில் சார்ஜன்ட், ஹெலிகாப்டர் மெக்கானிக். தாம்பரம் ஏர்போர்ஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருந்தும் மனுஷனுக்கு வாய்த்ததெல்லாம் வடக்கே பனியும் மலையும்தான். வருஷத்துக்கு ஒரு லீவு. பிள்ளை இல்லையா என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். இரண்டு அறை வீட்டில் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் சுவர் நாலும் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும். துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், எண்பத்தேழாம் வருஷம், பீரோ மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். யேசுதாசன் டெல்லியில் நடைபாதைக் கடையில் வாங்கிவந்த வெளிநாட்டு ஹெலிகாப்டர் பொம்மை. பொம்மை என்றால் அவனுக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். பெட்டி மேல் பிரெஞ்சுப் பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அவன் தினமும் குடைகிற அதே சேத்தக் ரக ஹெலிகாப்டர்தான். உதிரிப் பாகங்களாக வந்ததைப் போன லீவில் ஒட்ட உட்கார்ந்தான். கதவு ஹெலிகாப்டரில் ஒட்டாமல் அவன் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. நிஜ ஹெலிகாப்டரைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இந்தக் கையகல பிளாஸ்டிக் பிடிபடவில்லை. பெட்டியைத் தூக்கிப் பீரோ மேல் எறிந்துவிட்டு ரயில் ஏறிவிட்டான்.

அருள்மேரிக்கு அது பிடிபட்டது. எப்படிப் பிடிபட்டது என்றால், பேய் பிடிக்கிற மாதிரி பிடித்தது. பெட்டியில் படம் போட்டுக் காட்டிய வழிப்படி ஒட்டினால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். முடிந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது? சேத்தக்கின் எஞ்சினுக்கு மூடி கிடையாது. குடலும் குழாயும் தெரிய அது முதுகு மேல் உட்கார்ந்திருக்கும். பெட்டியில் வந்த எஞ்சினோ மழமழவென்று சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. கம்பெனியில் குப்பைக்குப் போகிற செம்புக் கம்பித் துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து, வளைத்து, ஒவ்வொரு குழாயாக ஒட்டினாள். காலியான பற்பசை டியூபைக் கீறித் தகடாக்கி சீட் பெல்ட் வெட்டினாள். பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் நூலாக நீளும்; அதுதான் ஏரியல். தலைக்கு மேலே ஏர்போர்ஸ் ஹெலிகாப்டர் பறக்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடி, அடிவயிற்றில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள்.

அடுத்த லீவில் யேசுதாசன் பார்த்தான். பார்த்தவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அரே மேரி! இன்னா இது, நீயா பண்ணே?"

"பின்னே, கூலிக்கு ஆள் வெச்சா பண்ணுவாங்க?"

அவன் அப்படியே குந்தி உட்கார்ந்து கண்ணருகே கொண்டுபோனான். "எல்லாம் பக்கா. ஆனா இந்த பைப் தப்பு. இது அந்தப் பக்கமா வளைஞ்சு கீழ எறங்கும்."

பாராட்டைவிட அந்தத் தப்புதான் அவளுக்கு இனித்தது. தப்பு இருந்தால் திருத்த வேண்டும், திருத்தினால் காட்ட வேண்டும், காட்ட அவன் வர வேண்டும். இப்படியே லீவுக்கு லீவு அவன் ஒரு தப்பைச் சொல்லிவிட்டுப் போவதும், அவள் வருஷம் முழுக்க அதைப் பிரித்து ஒட்டுவதுமாகக் காலம் ஓடியது. இதைக் குடும்பம் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொண்டது அந்தப் பிளாஸ்டிக் எஞ்சினைப் பற்றித்தான்.

ஒரு லீவில் அவன் இறக்கையைத் தொட்டுச் சொன்னான். "ரெக்கை மூணும் ஸ்கேல் மாதிரி நேரா நிக்குது பார், அது தப்பு. ஹெலிகாப்டர் நின்னா ரெக்கை தொங்கும். சுத்தினாத்தான் நிமிரும்."

"அப்போ இது நிக்கிதா, பறக்குதா?"

"அதை நீதான் சொல்லணும். நிக்கிறதுன்னா தொங்கவிடு. பறக்குறதுன்னா நிமித்திவிட்டு நூல்ல கட்டித் தொங்கவிடு."

அருள்மேரிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் ரயில் ஏறின மறுநாளே வெந்நீர் வைத்து, இறக்கை மூன்றையும் முக்கி முக்கி எடுத்துப் பதமாகக் கீழே வளைத்தாள். அதோடு விட்டாளா? சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தீக்குச்சியில் கட்டை வெட்டி முட்டுக்கொடுத்தாள். நிற்கிற ஹெலிகாப்டருக்குத் தூசி புகாமல் சிவப்பு உறை போடுவார்கள் என்று அவன் சொல்லியிருந்தான். தலை ரிப்பனில் கத்தரித்துக் காற்று நுழைகிற வாய்க்கு ஒன்று, புகை போகிற குழாய்க்கு ஒன்று, மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கிற குச்சிக்கு ஒன்று, இறக்கை நுனி ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று தைத்து மாட்டி, நூலால் உடம்போடு சேர்த்துக் கட்டினாள். பக்கத்து வீட்டுத் தனம் வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வாடிப்போன வாழையிலை மாதிரி கீது?" என்றாள். "ஊர் சுத்தினது போதும்னு வூட்டுக்கு வந்துடுச்சு" என்றாள் இவள்.

தொண்ணூற்றொன்றில் அவனுடைய இருபது வருஷ சர்வீஸ் முடிந்தது. இன்னும் சில வருஷம் நீட்டிக் கையெழுத்துப் போடலாம். போடத்தான் நினைத்திருந்தான். கடைசி முடிவுக்கு முன்னால் லீவில் வந்தவன் மாடலைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்படிக் கட்டிப்போட்டா எந்த பைலட்டும் எடுக்க முடியாது. தெரியுமா, கவரை எல்லாம் கழட்டிக் கையில வெச்சு அவருக்குக் காட்டணும். எண்ணிப் பார்ப்பார். ஒண்ணு குறைஞ்சாலும் ஸ்டார்ட் பண்ண வுட மாட்டோம்."

"அதுக்குத்தான் கட்டினேன்." அவள் சிரிக்கவில்லை. "போதுங்க. வந்துடுங்க. எனக்கு இந்த வூட்ல தனியா முடியல."

அதுவரை அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அவன் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடவில்லை. டிரங்குப்பெட்டியோடு வந்து இறங்கினான்.

முதல் ஒரு மாசம் தேனிலவு மாதிரிதான். சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போனார்கள், ஊரப்பாக்கத்தில் மனை பார்க்கப் போய் வாங்காமல் திரும்பினார்கள், பள்ளிக்கரணை ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்தார்கள். அருள்மேரியின் விரல் பஸ்ஸில் சுற்றுவதை நிறுத்திவிட்டது என்று தனமே சொன்னாள்.

அப்புறம் அவன் வீட்டை ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தான். ஓடுகிற சீலிங் பேனைக் கழற்றினான். ஒழுகாத குழாயை இறுக்கி, மரை போய், ஒழுகவைத்தான். மிக்ஸியைப் பிரித்துப் பாகங்களை பேப்பரில் வரிசையாக அடுக்கி, சட்னிக்குத் தேங்காயோடு நின்றவளைக் காத்திருக்கச் சொன்னான். அந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவுக்கும் நிம்மதி இல்லை. "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா அக்கா?" என்று தனம் ஆறுதல் சொன்னாள். ஒரு பேங்கில் வாட்ச்மேன் வேலைக்குப் போய், நாற்காலியில் உட்காரச் சொன்னதற்காகவே சண்டை போட்டு வந்துவிட்டான். சாயங்காலமானால் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வரை நடப்பான், வருவான், மறுபடி நடப்பான். எதற்கென்று கேட்டால், "சும்மா" என்பான். அந்தச் சும்மாவைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் நடுவில் வானத்தில் சேத்தக் சத்தம் கேட்டால் போதும், மனுஷன் மொட்டைமாடிக்கு ஓடுவான். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடியிருக்கிறான். சோற்றுக் கையோடு ஓடியிருக்கிறான். சத்தம் தேய்கிறவரை தோள் நிமிர்ந்து நிற்பான். தேய்ந்ததும் இரண்டு தோளும் மெல்லக் கீழே இறங்கும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அருள்மேரி ஒருநாள் அதை முழுசாகப் பார்த்தாள். இதே தொங்கலைத்தானே நான் வெந்நீரில் முக்கிக் கையாலேயே வளைத்தேன் என்று தோன்றியது. தோன்றின மறுகணமே கோபம் வந்தது. இவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமா? இத்தனை வருஷம் அவள் ஒருத்தியாய் இருந்தாளே, அப்போது யார் தோள் தொங்கியதை யார் பார்த்தார்கள்?

தொண்ணூற்று மூன்றில், பொங்கல் கழிந்து, தனம் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான் போன். பேசினது ஜெயவேலு, யேசுதாசனோடு வேலை பார்த்து முன்னாலேயே வெளியே வந்தவன். பம்பாயில் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற இடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிற ஹெலிகாப்டர் கம்பெனியில் இருந்தான். ஆள் வேண்டும், உடனே வா என்றான். யேசுதாசன் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, மோர் கேட்டு வாங்கிக் குடித்து, சைக்கிள் செயினைக் கழற்ற உட்கார்ந்துவிட்டான். போனைப் பற்றி மூச்சு விடவில்லை.

விஷயத்தைத் தனம்தான் சொன்னாள். "அண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா அக்கா? வூட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லி வெச்சுட்டாரு. உங்களைக் கேட்டாரா?"

கேட்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள், சத்தியமாகச் சொல்லியிருப்பாள். கேட்காமலே அவளுடைய மாட்டேனைத் தன் வாயால் சொல்லிவிட்டு, கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கிறானே, இந்த ஆளை என்ன செய்வது! இரண்டு நாள் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனியில் அவள் சுற்றிய காயில்களைத் தூக்கி சூப்பர்வைசர் திருப்பிப் போட்டார். பஸ்ஸில் அவள் விரல் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் புடவை மாற்றவில்லை. ஷோகேஸைத் திறந்து ஹெலிகாப்டரை எடுத்து, பேப்பர் விரித்து, ஜன்னலோரமாக வைத்தாள். ட்வீசரால் இறக்கை நூலை அவிழ்த்தாள். சக்கரத்துக் கட்டைகளை எடுத்தாள். சிவப்பு உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பழைய பசை சில இடத்தில் பெயின்ட்டோடு பிய்ந்து வந்தது. யேசுதாசன் பின்னால் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"இன்னா பண்றே மேரி? தொடைக்கவா?"

"ஜெயவேலு அண்ணனுக்கு மறுபடி போன் போடுங்க. வரேன்னு சொல்லுங்க."

"நீ தனியா முடியலன்னு சொன்னியே" என்றான்.

"இப்போ மட்டும் முடியுதா? ரெண்டு பேரும் ஒரே வூட்ல தனியாத்தானே இருக்கோம்." அவள் ட்வீசரைக் கீழே வைத்தாள். "உங்களைப் பார்க்கவே பேஜாரா கீது எனக்கு. நின்னா தொங்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் மெல்ல அவள் எதிரே உட்கார்ந்தான். இறக்கைகள் கட்டு அவிழ்ந்தும் அப்படியே வளைந்துதான் இருந்தன. அவன் அவற்றைத் தொடவில்லை. பேப்பர் மேலே கிடந்த உறைகளைத்தான் பார்த்தான். இருபது வருஷப் பழக்கம், விரல் தானாக எண்ணியது. மறுபடி எண்ணினான்.

"ஒண்ணு குறையுது."

அவள் இடது கையை மூடி மடியில் வைத்திருந்தாள்.

"ஒண்ணு குறைஞ்சா ஸ்டார்ட் பண்ண வுட மாட்டோம் மேரி."

"தெரியும்."

தலைக்கு மேலே சேத்தக் ஒன்று தாழ்வாக வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யேசுதாசன் எழுந்து ஓடவில்லை; அவள் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் செலையூர் பக்கம் போய் அடங்கியது. சர்ச்சில்கூட ஓயாத அந்த விரல்கள் அத்தனை நேரமும் அசையாமல் இருந்தன. அப்புறம் அவள் கையைத் திறந்தாள். காற்று நுழைகிற வாய்க்குப் போடுகிற உறை, வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"லீவுக்கு வரும்போது கொண்டாங்க. நான்தான் மாட்டுவேன். தொலைச்சுடாதீங்க."

அவன் அதைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பித்தானைப் பூட்டினான்.