வாய்விட்டுப் படித்தல்

பக்கத்து அறையில் என் மகள் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கிறாள். அதைக் கேட்டதும் இன்றும் என் கை தானாக வாயைப் பொத்தப் போகிறது.

அப்போது சாரம் என்ற பகுதியில் எங்களுக்கு ஒரே அறை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கும் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். பஞ்சும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை அறையெங்கும் நிற்கும். “வாய்விட்டுப் படிச்சாதான் மண்டையில ஏறும்” என்று டீச்சர் சொன்னதை நம்பி ஒருநாள் வாய் திறந்தேன். அப்பா எழுந்துவந்து அறைந்தார். “மனுசன தூங்க உடமாட்டியா?”

அதன்பிறகு என் உதடு மட்டும்தான் அசைந்தது. பத்தாவதில் ஃபெயிலானேன்.

இப்போது அப்பா சோபாவில் சாய்ந்து பேத்தியின் குரலை ரசித்துக் கேட்கிறார். என்னைப் பார்த்துச் சொல்கிறார்: “எவ்ளோ அழகா படிக்குது பாரு! நீயும் இப்படி வாயத் தொறந்து படிச்சிருந்தா அன்னிக்கே பாஸாயிருப்ப.”