வெயிலை மறக்காத கண்ணாடி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதக் காலை. மேல்விஷாரத்திலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோர சீட். மடியில் உள்ளே இருப்பது தெரிகிற வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ளே துத்தநாக ஆக்ஸைடு பூசிய சின்னக் கண்ணாடித் துண்டுகள். என் மூன்று வருட ஆராய்ச்சி அதுதான்.

அந்த நானோ பூச்சின் மேல் வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் அதிகமாக ஓடும். விளக்கை அணைத்தாலும் சட்டென்று பழைய நிலைக்கு வராது. அதை வைத்துத் தகவல் சேமிக்கும் கருவி செய்யலாம் என்பது என் நம்பிக்கை. ஆனால் ஒரு தொல்லை. எங்கள் காலேஜ், வேலூர் லேப், இரண்டு இடத்திலும் அந்த மின்சாரத்தை இருட்டில்தான் அளப்போம். காலேஜில் கம்மியாகக் காட்டும், வேலூரில் எக்கச்சக்கமாகக் காட்டும். எனக்கு வாய் ஜாஸ்தி. முன்பு போன இரண்டு முறையும் அங்கே மெஷின் பார்க்கும் அண்ணனிடம், "உங்க மெஷின்தான் கோளாறு" என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். இந்த முறையும் ஒத்துவராவிட்டால் ஆய்வேட்டில் இதைப் பற்றிய அத்தியாயத்தையே தூக்கிவிடச் சொல்லிவிட்டார் கைடு.

பக்கத்தில் ஒரு பெண், கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை.

"இன்னாக்கா அது?"

பெருமையாகச் சொன்னேன். "வெளிச்சம் பட்டா ஞாபகம் வச்சுக்கும்."

"அப்போ இந்த வெயிலையும் ஞாபகம் வச்சினு இருக்குமே? மடியில தொறந்தாப்ல வச்சினு வர்றீங்க!"

குனிந்து பார்த்தேன்; வெயில் நேராக டப்பா மேல் விழுந்துகொண்டிருந்தது, போன இரண்டு முறையும் இப்படித்தான் கொண்டுபோயிருந்தேன்.

அவள் விடவில்லை. "எங்க கம்பெனில ஒரு கால் ஷூவோட தோல் மட்டும் வெயில்ல கெடந்தாலே போச்சு. ஜோடில கலர் ஒத்துக்காது. கறுப்பு கவர் போட்டு மூடிடுவோம்" என்றபடி தன் சாப்பாட்டுப் பையைச் சுற்றியிருந்த கறுப்பு கவரை உருவி, டப்பாவைத் தானே சுற்றிக் கொடுத்தாள்.

லேபில் நேராக அந்த அண்ணனிடம் போனேன். "அண்ணா, மெஷின் மேல தப்பில்ல, என் மேலதான். வழியெல்லாம் இது மேல வெயில் பட்டிருக்கு, அது மறக்கிறதுக்கு சாயங்காலம் வரைக்கும் இருட்டுல இருக்கணும். இன்னிக்குக் கடைசி வேலையா அளந்து தர்றீங்களா?"

"இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கும் பேஜார் இல்லையே" என்று சிரித்துவிட்டு, நாலு மணிக்கு நேரம் ஒதுக்கினார். மாலையில் அளவு எங்கள் காலேஜ் அளவோடு அப்படியே ஒத்துப்போனது. அந்த அத்தியாயம்தான் இன்று என் ஆய்வேட்டிலேயே பலமான பகுதி.

வெளிச்சத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று மூன்று வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது நான்; அதைக் கேட்டவுடன் நிஜமாகவே நம்பியது அவள்தான்.