கம்பியில் போன முட்டைகள்

வேலைத்தல விபத்து அறிக்கையில் ‘வேகம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘எவ்வளவு தூரத்துக்குள் நின்றது’ என்று கேட்கும் கட்டம் கிடையாது. ஓய்வு பெறும்வரை அந்தப் படிவத்தை நிரப்பியும், பிறர் நிரப்பியதைத் திருப்பி அனுப்பியும் காலம் தள்ளியவள் நான். அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதினேன். கடிதம் கிடைத்ததாக இரண்டு முறையும் ஒழுங்காகப் பதில் வந்தது.

பதுளை மலையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல் டிவிசன் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்கள் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மேலே பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கம்பியில் ஓடும் கப்பியில் தொங்கவிட்டு, கப்பியைத் தடுத்து வைத்திருக்கும் முளையைப் பிடுங்கினால் போதும். சாக்கு பள்ளத்தாக்கைத் தாண்டி நேரே கீழே ஸ்டோருக்குப் போய்விடும். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். அங்கே கம்பி முடியுமிடத்தில் ஒரு பலகைத் தடுப்பு. சாக்கு அதில் மோதி நிற்கும். மேலே சாக்கு மாட்டுவது என் தாய்மாமனின் வேலை. ஆட்கள் ஏறக்கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதிய தகடு ஒன்றை அங்கே அடித்து வைத்திருந்தார்கள். அதில் மாமா தன் கோட்டைக் கழற்றி மாட்டுவார்.

சனிக்கிழமைகளில் எங்கள் கோழி முட்டைகளை ஸ்டோருக்குப் பக்கத்துக் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் கொடுத்துச் சாமான் வாங்கி வருவது என் பொறுப்பு. வழுக்குப் பாதையில் இரண்டு தடவை விழுந்து, முட்டைகளை உடைத்து, அம்மாவிடம் அடி வாங்கினேன். மாமா வழி கண்டுபிடித்தார். முட்டைகளைக் கொழுந்துச் சாக்கின் நடுவில் புதைத்துக் கம்பியில் அனுப்பினார். நான் வெறுங்கையோடு ஓடிப்போய்க் கீழே எடுத்துக்கொண்டேன். ஒன்றுகூட உடையவில்லை. வாரா வாரம் அந்தச் செய்தியை மேலே வந்து மாமாவிடம் ஒப்பிப்பேன், ஏதோ நானே கண்டுபிடித்ததைப் போல.

அந்த ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. அத்தையைப் பிரசவத்துக்காக முந்தின நாளே கீழே தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சாக்கு மாட்டும் கொட்டகையில் இருந்த டெலிபோன் அடித்தது. மாமா கேட்டுவிட்டு வைத்தார். குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் அத்தைக்கு இரத்தம் நிற்கவில்லை, தன்னைக் கேட்டு அழுகிறார் என்றார். பாதை சரியாக இரண்டு மூன்று நாளாகும். மழையில் கொழுந்தும் எடுக்கவில்லை. கொட்டகையில் நானும் மாமாவும் வெற்றுச் சாக்குகளும்தான்.

மாமா கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏ புள்ள, ஒன் முட்டை ஒண்ணாவது ஒடைஞ்சிருக்கா?”

“இல்ல மாமா. ஒரு கீறல்கூட இல்ல.”

“அப்ப எனக்கு என்ன வரப்போவுது? முட்டைய விட நான் கெட்டிதானே.”

“பயமில்லாம போங்க மாமா,” என்றேன்.

சாக்கைச் சுருக்குப் போட்டுக் கப்பியில் மாட்டி, கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்தார். முளையைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். மாமா மழைக்குள் சிறிதாகிப் போனார். சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் மேலே வந்தது.

ஆர்முடுகல் என்ற சொல்லைப் பின்னாளில் பதுளையில் படிக்கும்போது கற்றேன். வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதன் அளவு அது. அதை நம் உடம்பு அறிந்த ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்வதற்குத்தான் ஜி. சும்மா நிற்கும்போது நம் எடையாக நாம் உணர்வது ஒரு ஜி. பத்து ஜி என்றால் அந்தக் கணத்துக்கு உடம்பு பத்து மடங்கு கனக்கும். மாமா சைக்கிள் பள்ளத்தில் இறங்கும் வேகத்தில் போயிருப்பார். அந்த வேகத்தில் யாருக்கும் எதுவும் ஆகாது. முட்டையும் அதே வேகத்தில்தான் போயிற்று. ஆனால் சாக்கு பலகையில் மோதிய பிறகும் முட்டை கொழுந்துக்குள் ஒரு முழம் அமிழ்ந்து மெல்ல நின்றது. என் கணக்குப்படி அது எட்டு ஜி, ஏறக்குறைய. மாமாவுக்கு முன்னால் கொழுந்து இல்லை. முழத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நின்றார். ஐந்து மடங்கு: நாற்பது ஜி. அறுபது கிலோ மனிதர், கண் மூடித் திறப்பதற்குள் இரண்டாயிரத்து நானூறு கிலோ. அதை முதுகெலும்பு தாங்காது. பரிசோதனையில் பிழையில்லை. கொழுந்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பாதை திறந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாமா இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். பதுளைக்குக் கொண்டுபோக லொறி காத்திருந்தது. ஆனால் முறைப்படி வாக்குமூலம் எடுக்காமல் ஆளை அனுப்பக்கூடாதாம். தோட்டத்துக் கிளாக்கர் தாளும் பேனாவுமாகக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

“தனியா எப்பிடி முளையப் பிடுங்கின? யாரு ஏத்திவிட்டது? சொல்லிப்புடு. அவங்க குடும்பத்துக்குப் பத்துச்சீட்டு குடுக்கச் சொல்லித் தொரை உத்தரவு.”

பத்துச்சீட்டு என்றால் வேலையையும் லயத்தையும் விட்டு வெளியேறு என்று சொல்லும் தாள். அம்மாவின் கை என் தோளில் இறுகியது. நான் நிமிர்ந்து நின்றேன். இத்தனை வாரம் முட்டை அனுப்பிப் பார்த்தவள் நான்தான் என்று மாமா இப்போது எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

மாமா என்னைப் பார்க்கவே இல்லை.

“யாரும் இல்லீங்கய்யா. கம்பால தட்டிவிட்டுட்டு நானாத்தான் போனேன். யாரும் ஒண்ணும் சொல்லல.”

கிளாக்கர் எழுதி முடித்து, மாமாவின் கையைப் பிடித்து விரலடையாளம் வாங்கினார். கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர். கட்டிலோடு தூக்கி லொறியில் ஏற்றினார்கள். அப்போதுதான் மாமா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நான் போகவில்லை. என் முட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவரோடு எனக்கு என்ன பேச்சு என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா பிடித்து முன்னால் தள்ளினாள். லொறி கிளம்பும்வரை மாமாவின் கை நீட்டியபடியே இருந்தது. பதினோராம் நாள் அதே லொறி அவரைப் பெட்டியில் திருப்பிக் கொண்டுவந்தபோதும், என் கோபம் முழுதாகத் தீர்ந்திருக்கவில்லை.